கவிதையாகவே எடுக்கப்பட்ட குறும்படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி?

பதினான்கு நிமிடப் படம். பேச்சு கிடையாது. இது எந்த ஊர், யாருக்கு யார் என்ன உறவு, எதுவும் சொல்லப்படுவதில்லை. ஒரு பெண்ணின் கையிலிருந்து சாவி நழுவிப் படிகளில் துள்ளி விழுகிறது. அவள் அதைத் துரத்திக்கொண்டு இறங்குகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே சாவி, அதே வாசல். படம் முடிந்து விளக்கு எரியும்போது பக்கத்து இருக்கைக்காரர் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். நமக்கோ ‘இதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்றுதான் தோன்றுகிறது.

அந்தக் கேள்வியோடு நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கவித்துவமான சோதனைக் குறும்படம் படித்தவர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் மட்டுமே பிடிபடும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதைப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். தமிழ் வாசிக்கிறவர்களிடம் அந்தப் பழக்கத்தில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? குறுந்தொகைப் பாடல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். அதில் பேசுகிறவளுக்குப் பெயர் கிடையாது. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. முன்கதை கிடையாது, முடிவும் கிடையாது. ஒரு மரம், ஒரு பறவை, ஒரு நேரம், அதற்குள் ஒரு மனநிலை. நாம் யாரும் அதைப் படித்துவிட்டு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பதில்லை. அந்தப் பறவை ஏன் அங்கே வந்தது என்று யோசிக்கிறோம். கவித்துவக் குறும்படம் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அந்த யோசனையைத்தான்.

பழைய இலக்கணம் அகப்பாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் காணக் கிடைக்கும் மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம். உரிப்பொருள் என்பது அவற்றின் வழியே வரும் உணர்வு. புதிதாக இந்தப் படங்களுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, எடுத்த எடுப்பிலேயே உரிப்பொருளைத் தேடுவது. ‘இயக்குநர் என்ன சொல்ல வருகிறார்?’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எங்கே, எப்போது, என்னென்ன பொருள்கள் என்று முதலில் பாருங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு வரிசையின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மலை வந்தால் கூடல், கடற்கரை வந்தால் இரங்கல் என்று திணைப் பட்டியலை அப்படியே படத்தின் மேல் ஒட்டக்கூடாது. ஒவ்வொரு குறும்படமும் தனக்கான நிலத்தையும் கருப்பொருளையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு படத்தில் தண்ணீர் பயம், இன்னொன்றில் விளையாட்டு.

எந்தப் படத்தில் தொடங்கலாம்

முதல் படம் பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். காரணம் எளிது: அதை ஒரே உட்காரலில் இரண்டு தடவையாவது பார்க்கப் போகிறீர்கள்.

என் பரிந்துரை, யோரிஸ் இவென்ஸும் மன்னுஸ் ஃபிராங்கனும் சேர்ந்து எடுத்து 1929-இல் வெளிவந்த ‘ரெகன்’. டச்சு மொழியில் மழை என்று பொருள். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம், கருப்பு வெள்ளை, ஊமைப்படம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. இதற்கு மேல் ‘கதை’ ஒன்றும் இல்லை. ஒருவர் கையை வெளியே நீட்டித் துளி விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். கால்வாய்த் தண்ணீரில் முதல் வட்டங்கள் விழுகின்றன. குடைகள் விரிகின்றன. டிராம் கண்ணாடியில் நீர் வழிகிறது. பார்க்கும்போது ஒரே மழை ஒரே தடவையில் பெய்து ஓய்ந்தது போல இருக்கும். உண்மையில் பல மாதங்கள், மழை வந்தபோதெல்லாம் கேமராவோடு ஓடி எடுத்த துண்டுகள் அவை. வேறு வேறு நாளில் பெய்த மழைகளை ஒன்றாகத் தைத்து, எந்த நாளிலும் பெய்திராத ஒரு மழையை உண்டாக்கியிருக்கிறார்கள். எடிட்டிங்கில் கவிதை எழுத முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. இதில் குழப்பம் எதுவும் இல்லை என்பதால், கண்ணைப் பழக்க மிக ஏற்றது.

இரண்டாவதாக, தொடக்கத்தில் சொன்ன சாவிப் படம். 1943-இல் மாயா டெரனும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிடும் லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே 16 மி.மீ. அகல ஃபிலிம் ஓடும் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’. ‘மழை’யில் பொருள்கள் பொருள்களாகவே இருக்கின்றன, இதில் அவை மாறத் தொடங்குகின்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் விரிவாகப் பேசலாம்.

மூன்றாவது, ஸ்டேன் பிராக்கேஜின் ‘மாத்லைட்’, 1963. நான்கு நிமிடம்கூட ஆகாது. இதற்குக் கேமராவே பயன்படுத்தப்படவில்லை. விளக்கில் விழுந்து இறந்த விட்டில்களின் இறகுகள், புல், பூவிதழ் ஆகியவற்றை இரண்டு ஒட்டுநாடாக்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, அதையே ஃபிலிம் போலப் பிரதி எடுத்திருக்கிறார். இறந்த இறகுகள் புரொஜெக்டர் வெளிச்சத்தில் மறுபடி படபடக்கின்றன. இதைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டு பார்ப்பதே போதும். முதல் இரண்டு படங்களும் பிடித்த பிறகு இதற்கு வாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

கருப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னும் ‘ஃப்ளிக்கர்’ வகைப் படங்களை ஆரம்பத்தில் தொடாமல் இருப்பது நல்லது. டோனி கான்ராட் 1966-இல் எடுத்த ‘தி ஃப்ளிக்கர்’ படத்தின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை வாசகம் வரும், அது விளம்பரத்துக்காகப் போட்டதல்ல. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ அப்படி இருந்தால் இந்த வகையை முழுக்கவே தவிர்த்துவிடுங்கள்.

நல்ல பிரதியைத் தேடுவது

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. பெரும்பாலானவை தனி ஆள் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு எடுத்தவை. கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்டூடியோ இல்லாமல் ஒருவர் படம் எடுப்பது எளிதானது. தியேட்டர் விநியோகம் கிடையாது. ஒரு படத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிண்ட்கள்தான் (திரையிடுவதற்கான ஃபிலிம் பிரதிகள்) இருக்கும்; ஒவ்வொரு திரையிடலிலும் அவற்றில் கீறல் கூடும். சில படங்களில், கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் திரையிடும் சுருளும். வேறு நெகட்டிவ் கிடையாது. அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாசனை அடிக்கத் தொடங்கினால் அதன் காலம் எண்ணப்படுகிறது என்று பொருள்.

இதைத் தாண்டி இவை இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன என்றால், கலைஞர்களே கூடித் தொடங்கிய அமைப்புகள்தான் காரணம். நியூயார்க்கின் ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ், சான் ஃபிரான்சிஸ்கோவின் கேன்யன் சினிமா, 1966-இல் தொடங்கிய லண்டன் ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆப் வழியாக வந்த லக்ஸ், 1982-இல் பாரிஸில் தொடங்கிய லைட் கோன் ஆகியவை பிரிண்ட்களைப் பாதுகாத்து வாடகைக்குத் தருகின்றன. வாடகையில் ஒரு பங்கு படம் எடுத்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ போகும். 1970-இல் திறக்கப்பட்ட ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் இந்தப் படங்களுக்கென்றே இருக்கும் காப்பகம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் நார்மன் மெக்லாரன் ஃபிலிமின் மேலேயே வரைந்தும் சுரண்டியும் செய்த படங்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. தேடலை இந்த இடங்களில் தொடங்குங்கள். யாரோ ஏற்றிய மங்கலான காணொளிக்குக் கடைசியாக வாருங்கள்.

பிரதி கையில் கிடைத்ததும் மூன்றைச் சரிபாருங்கள். ஓடும் நேரம், காப்பகமோ விநியோக அமைப்போ குறிப்பிட்டிருக்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா? விநாடிக்கு 16 அல்லது 18 ஃப்ரேமில் (ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்) ஓட வேண்டிய ஊமைப்படத்தை 24-இல் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் படம் சுருங்கிவிடும், ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். அடுத்து, படச்சட்டம், அதாவது திரையில் படம் நிற்கும் செவ்வகத்தின் வடிவம். பெரும்பாலான பழைய படங்களின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். அகலத் திரைக்காக இழுத்தோ மேலும் கீழும் வெட்டியோ இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். கடைசியாக ஒலி. ஊமைப்படத்துக்குத் தங்களுக்குப் பிடித்த பியானோ இசையைச் சேர்த்து ஏற்றுகிறவர்கள் நிறைய. படத்துக்கு உரிய இசைதானா என்று விசாரித்துவிட்டு, இல்லையென்றால் ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள்.

‘மாத்லைட்’ மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் வேறாக இருக்கும் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இணையக் காணொளிகள் அடுத்தடுத்த ஃப்ரேம்களில் மாறாத பகுதிகளைக் கணக்கிட்டுத்தான் கோப்பைச் சுருக்குகின்றன. மாறாத பகுதியே இல்லாத படத்தில் அந்தக் கணக்கு தோற்றுப்போய், இறகின் நரம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். மோசமான பிரதியைப் பார்த்துவிட்டு அந்தப் படமே சுமார்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

பார்க்க உட்காரும் முன்

தொலைக்காட்சியில் பார்ப்பதானால் செட்டிங்ஸுக்குள் போய், அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறு. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமை அது தானாகவே செருகுகிறது. வழக்கமான படத்தில் அது உறுத்தல். சோதனைப் படத்திலோ, ஒரே ஒரு ஃப்ரேமை வெட்டி ஒட்டியவரின் உழைப்பை அழித்துவிடுகிறது.

அறையை இருட்டாக்குங்கள். இருட்டான ஷாட்கள் இந்தப் படங்களில் ஏராளம், சன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் அவை வெறும் கண்ணாடியாகிவிடும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இரண்டு விநாடி குனிந்து நிமிர்ந்தால் கதைப்படத்தில் ஒன்றும் குடிமுழுகாது, இங்கே அந்த இரண்டு விநாடியில் மூன்று கட் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) போயிருக்கும்.

முதல் தடவை

நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல், யாரிடமும் எதுவும் கேட்காமல் கடைசிவரை பாருங்கள். படத்தைப் பற்றிய கட்டுரை எதையும் முன்கூட்டிப் படிக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் கட்டுரையில் சொன்னது வருகிறதா என்று சரிபார்க்கும் வேலையைத்தான் கண் செய்யும்.

புரியவில்லை என்ற பதற்றம் வரும். வரட்டும். அப்போது ஒன்று செய்யுங்கள்: திரையில் இருப்பதற்கு மனசுக்குள் பெயர் சொல்லுங்கள். படி. நிழல். கை. ரொட்டி. கத்தி. பொருளின் பெயர் மட்டும், அதற்கு விளக்கம் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் பதற்றம் அடங்கி, கண் தானாகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

படம் முடிந்ததும் உடனே பேச வேண்டாம். ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் இடமும் நேரமும்: வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா, காலையா மாலையா, வெயிலா நிழலா. இரண்டாவதில் பார்த்த பொருள்கள், அசைவுகள், ஒலிகள். வரிசை வேண்டாம், நினைவில் வருகிற மாதிரியே எழுதுங்கள். மூன்றாவது பத்தியைக் காலியாக விடுங்கள். அதுதான் உரிப்பொருளுக்கான இடம், அதன் முறை இன்னும் வரவில்லை.

இந்தத் தாளை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ‘ஒண்ணுமே புரியல’ என்று சொன்னவர்கள் கூட எழுத உட்கார்ந்தால் இருபது, முப்பது பொருள்களை எழுதிவிடுவார்கள். அவ்வளவையும் பார்த்திருக்கிறார்கள், பார்த்தோம் என்பது தெரியாமல் இருந்திருக்கிறது.

இரண்டாம் தடவை

இந்தப் படங்களை உண்மையில் நாம் பார்ப்பது இரண்டாம் தடவையில்தான். அடுத்து என்ன வரும் என்ற கேள்வி தீர்ந்துபோனதால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். தாளில் எழுதியவற்றில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பின்தொடருங்கள்.

மாயா டெரன் படத்தில் சாவியை எடுத்துக்கொள்வோம். முதலில் அது வெறும் வீட்டுச் சாவி. பையிலிருந்து எடுக்கும்போது கை நழுவி விழுகிறது, அவ்வளவுதான். பெண் உள்ளே வருகிறாள். மேசையில் ரொட்டி, அதில் செருகிய கத்தி. அவள் பார்க்கும்போதே கத்தி ரொட்டியிலிருந்து சரிந்து விழுகிறது. ரிசீவர் எடுத்துவைக்கப்பட்ட தொலைபேசி மாடிப்படியில் கிடக்கிறது. நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். கனவில் அவளே மறுபடி வருகிறாள். இந்தத் தடவை தெருவில் அவள் துரத்திப் போகும் உருவத்துக்குக் கருப்பு முக்காடு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. பிறகு சாவி அவள் வாயிலிருந்து வெளிவருகிறது. இன்னும் ஒரு சுற்றில், உள்ளங்கையில் இருக்கும் சாவி கத்தியாக மாறிவிடுகிறது. வீட்டைத் திறக்கிற பொருளும் உடலைக் கிழிக்கிற பொருளும் ஒன்றாகிவிட்டன. இதை வசனத்தில் சொல்லியிருந்தால் தத்துவம் பேசுவதுபோல ஆகியிருக்கும். படத்தில் அது ஒரு கட். உடம்பு சிலிர்க்கிறது, காரணம் பிறகுதான் வருகிறது.

அதே படத்தில் இன்னொரு இடம், ஒரு சில விநாடிகள்தான். கத்தியோடு எழுந்திருக்கும் அந்தப் பெண், தூங்குகிற தன்னை நோக்கி நடக்கிறாள். ஓர் அடி கடற்கரை மணலில் விழுகிறது, அடுத்த அடி புல்லில், அடுத்தது சிமெண்ட் நடைபாதையில், கடைசி அடி அறைக் கம்பளத்தில். நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் தூரம்தான், ஆனால் உலகத்தையே கடந்து வருகிறாள். நடையின் தாளம் மட்டும் குலைவதில்லை. ஒவ்வொரு வெட்டும் கால் ஊன்றும் இடத்தில் இருப்பதால் நம் கண் அதை ஒரே நடையாக ஏற்றுக்கொள்கிறது. இங்கே படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் அந்த நான்கு அடிகளின் கனம் எனக்குக் குறைந்ததே இல்லை.

நியூயார்க்கில் 1953-இல் சினிமா 16 என்ற திரைப்படச் சங்கம் கவிதையும் சினிமாவும் பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தியது. டெரனோடு கவிஞர் டிலன் தாமஸ், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எல்லாம் மேடையில் இருந்தார்கள். நாடகம் கிடைமட்டமாக நகர்கிறது, ஒரு நிகழ்ச்சியிலிருந்து இன்னொன்றுக்கு. கவிதை செங்குத்தாக இறங்குகிறது, ஒரே கணத்தின் ஆழத்துக்குள் என்பது அங்கே டெரன் வைத்த வாதம். மேடையில் அதற்குக் கிண்டல்தான் நிறையக் கிடைத்தது. ஆனால் மேலே சொன்ன நான்கு அடிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தை விளக்கத் தேவையே இல்லை. கிடைமட்டத்தில் அது ஒரு பெண் அறைக்குள் நடப்பது. செங்குத்தில், தன்னைத் தானே கொல்லப் போகிறவள் கடக்க வேண்டிய தூரம்.

இப்போது மூன்றாம் பத்தியை நிரப்பலாம். ஒரு சொல், அதிகம் போனால் ஒரு வாக்கியம். உங்களுக்கு ‘அச்சம்’ என்று வரலாம், இன்னொருவருக்கு ‘தனிமை’. இரண்டும் சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டாம் பத்தியில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி ‘இதனால்தான்’ என்று சொல்ல முடிய வேண்டும். ஆளுக்கு ஆள் எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற பேச்சு இந்தப் படங்களுக்குச் செய்யும் அவமரியாதை. படத்தில் உள்ளதைத் தொட்டுக்காட்ட முடியாத விளக்கம் நம்முடைய சொந்தக் கதை, அந்தப் படத்துடையதல்ல.

காதை மட்டும் வைத்துக்கொண்டு

ஒலியுள்ள படமானால் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலி படத்தை அப்படியே பின்பற்றுகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பது அப்போது துலங்கும்.

‘மழை’ இதற்கும் நல்ல பயிற்சி. ஊமைப்படமாக வந்த அதற்கு 1932-இல் லூ லிக்ட்ஃபெல்ட் இசையமைத்தார். 1941-இல் ஹன்ஸ் ஐஸ்லர் அதே படத்துக்கு முற்றிலும் வேறொரு இசையை ஐந்து கலைஞர்கள் வாசிக்கும் சிறு குழுவுக்காக எழுதினார். ‘மழையை விவரிக்கப் பதினான்கு வழிகள்’ என்பது அதன் தலைப்பு. மூன்று விதமாகவும் பாருங்கள்: ஒலியே இல்லாமல், முதல் இசையோடு, ஐஸ்லர் இசையோடு. அதே குடை, அதே கால்வாய். ஆனால் ஐஸ்லர் இசையில் அந்த நகரம் எதையோ இழந்துவிட்ட மாதிரி எனக்கு ஒலிக்கிறது. ஒலி இல்லாமல் பார்க்கும்போது மட்டும் மழைச் சத்தத்தை நம் காதே போட்டுக்கொள்ளும். எனக்குப் பிடித்தது அதுதான்.

சலிப்பு வந்தால்

வரும். மறைக்க வேண்டியதில்லை. புரூஸ் பெய்லியின் ‘ஆல் மை லைஃப்’ (1966) சுமார் மூன்று நிமிடம், ஒரே ஷாட். கேமரா ஒரு பழைய வேலியோரமாக மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது, காய்ந்த புல், நடுநடுவே ரோஜாக் கொத்து, பின்னணியில் எல்லா ஃபிட்ஜெரால்ட் என்ற ஜாஸ் பாடகியின் பாட்டு, கடைசியில் கேமரா வானத்துக்கு ஏறிவிடுகிறது. அரை நிமிடத்தில் ‘சரி, வேலி, அப்புறம்?’ என்று தோன்றினால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் பார்க்கும்போது அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கவனியுங்கள். பெரும்பாலும் படம் அங்கே ஏதோ செய்திருக்கும்: ஒளி மாறியிருக்கும், பாட்டின் வரி திரும்பியிருக்கும், வேலி சரிந்திருக்கும். நம் கவனம் களைத்துப்போன இடம் அது.

ஆனால் எல்லாச் சலிப்பும் நம் குறை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மோசமான சோதனைப் படங்கள் நிறையவே இருக்கின்றன. புகைமூட்டம், மங்கல், மெதுவான நடை, செலோ இசை என்று கவித்துவத்தின் மேல்பூச்சை மட்டும் பூசிக்கொண்டவை. பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது: ஒரு ஷாட்டை எடுத்துவிட்டால் படத்தில் ஏதாவது உடைகிறதா? அந்தச் சாவி ஷாட்களில் ஒன்றை எடுத்துவிட்டால் டெரன் படம் நொண்டும். மேல்பூச்சுப் படத்தில் பத்து ஷாட்டை எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை நேர்மையாகப் பார்த்தும் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போங்கள்.

பிரிண்ட்டில் பார்க்கும் வாய்ப்பு வந்தால்

விட்டுவிடாதீர்கள். திரைப்படக் கழகங்கள், காப்பகங்கள், குறும்பட விழாக்கள் அவ்வப்போது 16 மி.மீ. திரையிடல் வைக்கும். ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் விழா 1954-இலிருந்து குறும்படங்களுக்காகவே நடக்கிறது. புரொஜெக்டர் அறைக்குள்ளேயே ஓடினால் அதன் அருகே உட்காருங்கள். ஊமைப்படத்துக்கு அந்த இயந்திரச் சத்தமே துணையாகிவிடும். 16 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 40 ஃப்ரேம், நூறு அடிச் சுருள் விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் மூன்று நிமிடம்கூட ஓடாது. சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் கேமராவில் ஒரு முறுக்குக்கு அரை நிமிடம் கூட எடுக்க முடியாது. இந்த அளவுகள் தெரிந்தால், பழைய படங்களின் ஷாட் ஏன் அந்த நீளத்தில் மூச்சுவிடுகிறது என்பதும் புரியத் தொடங்கும்.

திரையிடல் முடிந்ததும் யார் வைத்திருக்கும் பிரிண்ட், எங்கிருந்து வந்தது என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். அடுத்த படத்துக்கான வழி பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் கிடைக்கும்.

இன்னொருவருக்குக் காட்டும்போது

கொஞ்ச நாளில் நீங்களே யாரையாவது உட்காரவைத்துக் காட்ட ஆசைப்படுவீர்கள். ‘இது ஒரு மாஸ்டர்பீஸ்’ என்று ஆரம்பிக்காதீர்கள், பாவம், பிடிக்காவிட்டால் வாய் திறக்க மாட்டார். படம் எத்தனை நிமிடம், ஒலி உண்டா இல்லையா, இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள். ஒரு மாலைக்கு மூன்று படம் போதும், இடையில் பத்து நிமிடம் விளக்கைப் போட்டுவிடுங்கள். முடிந்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல் ‘என்னென்ன பார்த்தீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பட்டியலில் நீங்கள் இரண்டு தடவை பார்த்தும் கவனிக்காத ஒரு பொருள் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.